பூட்டிய எண்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

எனக்கு வழக்கமான முழங்கால் வலி, அத்தானுக்கு வழக்கமான சோம்பல். இவை தவிர இந்த வீட்டில் நோய் எதுவும் இல்லை. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? உன் கைக்கு வருமுன் அவர்தான் லென்ஸ் வைத்துக்கொண்டு இதை எழுத்துக்கூட்டிப் படிப்பார் என்பதால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். அப்பா, மாத்திரையைச் சட்டைப் பையில் ஒளித்துவைக்காமல் விழுங்குங்கள். போனில் கத்தினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, எழுதினாலாவது கேட்கிறதா பார்ப்போம்.

தம்பி, உன் சோதனைக்கூடத்துக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருப்பது எங்கள் சலவை ஆலையின் வெப்பத் துப்பாக்கி. தொடாமலே தூரத்திலிருந்து குறிபார்த்துச் சூட்டைச் சொல்லும் சாதனம். உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்களுக்கு அது எதற்கு என்று மட்டும் சொல்கிறேன்.

மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, கடைசியில் ஒரு பெரிய எஃகு உருளையில் கொடுப்போம். உருளை உள்ளிருந்து கொதிக்கும். ஈரத் துணி ஒரு பக்கம் போய், காய்ந்து இஸ்திரி போட்டதாக மறுபக்கம் வரும். அதில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. வாயாடி அதைப் பார்த்துத்தான் தலை வாரிக்கொள்வாள். வாயாடி என்பது என் பிரிவில் உருளைக்குத் துணி கொடுக்கிறவள். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

சில நேரம் விரிப்பு உருளையில் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, ஆறியபின் உள்ளே கைவிட்டு உருவ வேண்டும். ஆறிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்போம். சுர்ரென்றால் காத்திருப்போம். உருளையில் கறை படிகிறது என்று முதலாளி துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, நாற்பத்தைந்துக்குக் கீழே காட்டினால் கை வைக்கலாம் என்று சுவரில் ஒட்டிவிட்டார். அந்தத் துப்பாக்கிதான் இப்போது தகராறு செய்கிறது. ஓடுகிற உருளையைக் காட்டினால் ஐம்பது, அறுபது என்கிறது. அதிலிருந்து வெளியே வரும் துணியைக் காட்டினால் நூற்றிருபது என்கிறது. துணியைச் சுடவைப்பதே உருளைதானே? "இதுவும் நம்ம முதலாளி மாதிரிதான்க்கா, ஆளுக்கொரு பேச்சு பேசுது" என்கிறாள் வாயாடி.

அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் தம்பி இருக்கும்போது நான் வேறு ஆளைத் தேடுவேனா? பார்த்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் இருமல் பாதி குறைந்திருக்கிறது. சட்டைப் பையைச் சோதனை போட்டேன், ஏழு மாத்திரைகள் பிடிபட்டன. நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கடிதத்தையும் அதே பையில் ஒளித்துவைத்திருந்தார். உன் முழங்காலுக்கு ஒரு டாக்டரைப் பாரேன், அத்தானின் சோம்பலுக்குத்தான் மருந்து கிடையாது.

உன் நோயாளி குணமாகிவிட்டது. கண்ணாடி முழுக்கப் பஞ்சு அப்பியிருந்தது. துடைத்து, எங்கள் கருப்புத் தட்டைச் சூடாக்கி ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்று மூன்று நிலைகளில் காட்டினேன். ஒரு டிகிரிகூடப் பிசகவில்லை. இன்னொரு விஷயம். உமிழ்திறன் என்று அதில் ஒரு எண் உண்டு. ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு தாராளமாக வெளியே விடுகிறது என்பதற்கான எண் அது. உங்கள் ஆட்கள் பொத்தானைக் கண்டபடி அமுக்கி அதைக் கலைத்துவைத்திருந்தார்கள். 0.95-க்குக் கொண்டுவந்து, இனி யாரும் கை வைக்க முடியாதபடி ரகசிய எண் போட்டுப் பூட்டிவிட்டேன். பிடியில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'சரிபார்க்கப்பட்டது. பூட்டப்பட்டது.' கீழே உன் தம்பியின் கையெழுத்து.

துணிக்கு ஒன்று உருளைக்கு ஒன்று என்று அது பேசியதற்கு இதுதான் காரணமாக இருக்கும். கோணலாகப் பிடித்தாலும் அப்படி ஆகும். கிட்டே போய் நேராகப் பிடிக்கச் சொல். இனி அது ஒரே பேச்சுதான் பேசும் என்று வாயாடியிடம் சொல்லிவிடு.

கூடத்தின் தலைமைப் பொறுப்பு எனக்கு வரும் போலிருக்கிறது. இப்போது இருப்பவர் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். இன்னும் உறுதியாகவில்லை, ஆனால் அப்பா தெருவில் பாதிப் பேரிடம் சொல்லி முடித்துவிட்டார்.

உன்,
தம்பி

பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

தலைமைப் பொறுப்பு என்று படித்ததும் எனக்குக் கால் வலியே மறந்துவிட்டது. அத்தான் எழுந்து உட்கார்ந்தார் என்றால் பார்த்துக்கொள். அப்பா, மீதிப் பாதித் தெருவிடமும் சொல்லிவிடுங்கள், தப்பில்லை. உங்கள் இருவர் உடம்பும் இப்படியே இருக்க வேண்டும்.

துப்பாக்கி வந்தது. மஞ்சள் சீட்டை எல்லாரிடமும் காட்டினேன். மறுநாளே விரிப்பு சுற்றிக்கொண்டது. பழக்கதோஷத்தில் அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் காட்டினோம். நாற்பது என்றது. "எதுக்கும் ரெண்டு சொட்டு தெளிச்சுப் பாத்துடறேன்க்கா" என்று வாயாடி குவளையை எடுத்தாள். "என் தம்பி கையெழுத்து போட்டு அனுப்பியிருக்கான்டி. உன் தண்ணிதான் பெருசா?" என்றேன். அவள் கைவிட்டு உருவினாள், ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு குவளையை அந்த இடத்தைவிட்டே எடுத்துவிட்டேன்.

இப்போது காத்திருக்கும் நேரம் குறைந்திருக்கிறது. அரை மணி இருபது நிமிடமாகி, போன வாரம் பதினைந்தாகிவிட்டது. முதலாளி வாயெல்லாம் பல். நேற்று மட்டும் ஒருத்திக்கு விரல் நுனி லேசாகச் சுட்டது. துப்பாக்கி நாற்பத்து நான்கு காட்டியது. அவள் அப்படியே சட்டென்று கையை எடுத்துவிட்டாள். நாங்கள் நேராகப் பிடிக்கவில்லையோ என்னவோ. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

பிப்ரவரியில் எழுதியதற்குப் பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்பாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? வெயில் ஏறுகிறது, அப்பா மத்தியானத்தில் வெளியே போகாமல் இருக்கட்டும்.

ஆலையில் போன வாரம் ஒரு விபத்து. அப்பா, பதற வேண்டாம், எனக்கு ஒன்றுமில்லை. வாயாடிக்குக் கையில் பட்டுவிட்டது. மருத்துவமனையில் இருக்கிறாள். வேலை முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரிவதில்லை.

வேறு சேதி இல்லை.

அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுதான் கிடைத்தது, இன்றே பதில் எழுதுகிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். உன்னை ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார். பிப்ரவரியில் பதில் போடாதது என் தப்புதான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய்விட்டது.

வாயாடிக்கு எந்தக் கை? எப்படிப் பட்டது? உருளையிலா? டாக்டர் என்ன சொல்கிறார்? இயந்திரத்தை நிறுத்தி எவ்வளவு நேரம் கழித்து? அவளைப் பார்க்கப் போகும்போது நானும் விசாரித்ததாகச் சொல்.

துப்பாக்கியை எனக்கு உடனே அனுப்பிவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது எங்கள் வழக்கம். நாளைக்கே அனுப்பினாலும் சரி.

உன்,
தம்பி

ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

நீ இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. முன்பின் பார்க்காதவளைப் பற்றி இத்தனை கேள்வி கேட்டிருக்கிறாய். நீ விசாரித்ததாகச் சொன்னேன், தலையசைத்தாள்.

எந்தக் கை என்று கேட்டாய். இரண்டும். உருளையில்தான். பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அப்பா, இதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். அவள் தேறிவிடுவாள் என்கிறார்கள்.

மூன்று மாத வழக்கம் பற்றி ஜனவரியில் நீ சொன்னதாக நினைவில்லை. இருந்தாலும் துப்பாக்கியை அனுப்பியிருக்கிறேன். அவளுடைய வீட்டுக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து அடுத்த மாதக் கடைசியில் விசாரணைக்கு வருகிறார்கள், துப்பாக்கியைக் கேட்பார்கள். அதற்குள் வந்துவிட வேண்டும்.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு நேற்றுக் கொஞ்சம் தலைசுற்றல், இன்று சரியாகிவிட்டது. நீயும் ஆஸ்பத்திரிக்கும் ஆலைக்கும் அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

துப்பாக்கியை நன்றாகப் பார்த்துவிட்டேன். கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. உமிழ்திறன் எண்ணை உங்கள் தேவைக்கு ஏற்றபடி நீங்களே மாற்றிக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன், அதுதான் நல்லது. பிடியில் இருந்த சீட்டு மங்கிப்போயிருந்ததால் எடுத்துவிட்டேன். விசாரணையில் கேட்டால் கருவி சரியாக இருக்கிறது என்று சொல்லலாம்.

இந்த மாதக் கடைசியில் எனக்குப் பொறுப்பு கைமாறும்.

உன்,
தம்பி

மே 17

தம்பிக்கு,

இதை உன் சோதனைக்கூடத்து முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு எழுதினால் அப்பா படிப்பார். இதுவரை வீட்டுக்கு எழுதியபோது பாதியை அதனால்தான் எழுதவில்லை.

அன்று திங்கட்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மருத்துவமனை வண்டி வாசலில் நின்றது. விரிப்பு சுற்றிக்கொண்டது. பதினைந்து நிமிடம் ஆனதும் கிட்டே போய், நீ சொன்னபடி நேராகப் பிடித்துக் காட்டினேன். நாற்பத்து மூன்று. வாயாடி, "என்னமோ அனலடிக்கிற மாதிரி இருக்குதுக்கா" என்றாள். "நாப்பத்து மூணுதான்டி, உன் உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி. வை கையை" என்றேன். துணி இறுகச் சுற்றியிருந்தது. இரண்டு கையையும் முழங்கைவரை உள்ளே விட்டு, உருளையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். துணி இறுக்கியதில் பிறகு அவளால் எடுக்க முடியவில்லை. அவள் கத்தியது எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. வை என்று சொன்னது நான். அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

துப்பாக்கி வந்ததும் முதலில் பிடியைப் பார்த்தேன். சீட்டு மங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். பார்சல் கட்டியது நான்தான். உன் கையெழுத்து அன்றைக்குப் போட்டதுபோலப் பளிச்சென்று இருந்தது. இப்போது பொத்தானை அமுக்கினேன், எண் மாறுகிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை நான் எத்தனை முறை அமுக்கினாலும் அது நகர்ந்ததில்லை.

எனக்கு உன் படிப்பு கிடையாது. எது தப்பு, எவ்வளவு தப்பு என்று எனக்குத் தெரியாது. ஆனால் பூட்டியிருந்ததை இப்போது ஏன் திறந்தாய் என்று யோசிக்கத் தெரியும்.

விசாரணை 28-ஆம் தேதி. ஒரே ஒரு தாள் எழுதிக் கொடு தம்பி. ஜனவரியில் என்ன எண் வைத்தாய், பூட்டினாயா இல்லையா, அவ்வளவுதான். எனக்கு அனுப்பினாலும் சரி, நேராக அவர்களுக்கே அனுப்பினாலும் சரி. விசாரணை அதிகாரியின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே. அப்பாவுக்கு மறுபடி காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டார். மாற்றி மாற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதிலேயே நாள் ஓடிவிட்டது. இப்போது கஞ்சி குடிக்கிறார். வெளியே காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் நீ எழுதிய பழைய கடிதங்களை எடுத்துப் படிக்கிறார். டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார். இருமல் மருந்து கசப்பதாகச் சொல்கிறார்.

நீ கேட்ட விஷயமாகப் பழைய பதிவேட்டைத் தேட வேண்டியிருக்கிறது. புதுப் பொறுப்பு ஏற்றதிலிருந்து எதைத் தொட்டாலும் நேரம் பிடிக்கிறது. கிடைத்ததும் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாற்றிக்கொண்டு போகிறார். அப்பாவுக்குப் பேச்சுத்துணை இல்லாமல் போகும்.

உன்,
தம்பி

ஜூலை 12

அக்காவுக்கு,

அப்பா தேறிவிட்டார். நான் நன்றாக இல்லை.

பதிவேட்டை நான் தேடவே இல்லை. அது என் மேசையின் முதல் இழுப்பறையில்தான் இருந்தது. போன கடிதத்தில் எழுதியது பொய்.

எல்லாவற்றையும் முறையாகச் சொல்கிறேன். கருப்புத் தட்டோ, துணியோ, மரமோ, தன் சூட்டை ஒளிக்காமல் வெளியே விடும். அவற்றுக்கு 0.95 சரி. பளபளக்கும் எஃகு அப்படி இல்லை. அது தன் சூட்டில் கொஞ்சத்தைத்தான் காட்டும், மீதிக்கு எதிரே இருப்பதன் சூட்டைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். துப்பாக்கி அளந்தது பெரும்பாலும் உருளையை இல்லை அக்கா. உருளைக்கு எதிரே இருந்த சுவரையும், உன்னையும், அவளையும்தான். உள்ளே நூற்று நாற்பது இருந்தாலும் அது நாற்பத்து மூன்றுதான் சொல்லும்.

இதற்கு வழி மிகச் சுலபம். உருளையில் விரல் நீளத்துக்குச் சூடு தாங்கும் கருப்பு டேப் ஒட்டி, அது சூடேறியதும் டேப்பை அளக்க வேண்டும். அதுதான் உண்மையான சூடு. பிறகு பக்கத்தில் வெறும் எஃகைக் காட்டி, டேப் சொன்ன அளவே வரும்வரை உமிழ்திறன் எண்ணை இறக்கிக்கொண்டே வர வேண்டும். ரொம்பப் பளபளப்பாக இருந்தால் எண்ணை நம்பாமல் எப்போதும் டேப்பையே அளப்பது நல்லது. ஐந்து நிமிட வேலை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது. போன வருடம் நானே ஆறு பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்.

எந்தப் பரப்பை அளக்கப் போகிறீர்கள் என்று கேட்பதுதான் முதல் கேள்வி. நான் கேட்கவில்லை. நீ கேட்காமலே எழுதியிருந்தாய், உருளையில் முகம் பார்க்கலாம் என்று. துணிக்கு நூற்றிருபது, உருளைக்கு அறுபது என்றும் எழுதியிருந்தாய். எங்கள் பாடத்தில் வரும் உதாரணம் அப்படியே அதுதான். அன்று உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன், வாயாடியின் பேச்சை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன், அந்த இரண்டு எண்களையும் தாண்டிப் போய்விட்டேன். அக்கா ஆலைக்காரி, அவளுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு எனக்குள் இருந்திருக்கிறது. கலைத்துவைத்திருக்கிறார்கள் என்று நான் எழுதினேனே, அந்த எண்ணை உங்களில் யாரோ சரியான பக்கம்தான் இறக்கியிருந்தார்கள். அதைத் தூக்கி 0.95-இல் வைத்துப் பூட்டியவன் நான்.

ஏப்ரலில் உன் கடிதத்தைப் படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. துப்பாக்கியை வரவழைத்தது பூட்டை எடுக்கத்தான். பூட்டு இருந்தால் என் குற்றம், இல்லாவிட்டால் பயன்படுத்தியவர்களின் அலட்சியம். அப்படித்தான் எங்கள் விதி. தலைமைப் பொறுப்பு கைக்கு வர மூன்று வாரம் இருந்தது. சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்த கருவியைச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டேன், அதை நினைத்தால்தான் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நீ கேட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்தும் கூடத்தின் முத்திரையும் போட்டிருக்கிறேன். இதைக் கொடுத்துவிடு. என்ன வந்தாலும் வரட்டும். கூப்பிட்டால் நேரில் வருகிறேன். அவள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை.

தம்பி

ஜூலை 29

தம்பிக்கு,

இதையும் கூடத்துக்கே எழுதுகிறேன். அப்பா தேறிவிட்டார் என்று படித்தேன், அது போதும்.

உன் தாள் 16-ஆம் தேதி வந்தது. விசாரணை 9-ஆம் தேதியே முடிந்துவிட்டது.

மே 28-ஆம் தேதி போனேன். தம்பியிடமிருந்து ஒரு தாள் வர வேண்டும், தவணை கொடுங்கள் என்றேன். ஜூன் 18 என்றார்கள். அன்றும் போய் அதையே சொன்னேன். அதிகாரி நல்ல மனிதர், "அம்மா, இதான் கடைசி" என்று ஜூலை 9 கொடுத்தார். தினமும் தபால்காரர் தெருமுனை திரும்பும் நேரத்துக்கு வாசலில் நிற்பேன். அத்தான் கிண்டல்கூடச் செய்தார். வந்தது ஒரு கடிதம். அதில் இருமல் மருந்து கசக்கிறது என்று இருந்தது.

9-ஆம் தேதி அந்த அதிகாரி துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "எண்ணை மாத்தற வசதி இருக்கும்மா. ஏன் மாத்தலை? பூட்டி ஏதும் இருந்துதா?" பூட்டியிருந்தது என்றால் அடுத்த கேள்வி யார் பூட்டியது என்பது. அதை உன் வாயால் நீ சொல்வாய் என்று ஆறு வாரம் காத்திருந்தவள் நான். என் வாயால் சொல்ல வரவில்லை. "இல்ல சார், எனக்குத்தான் தெரியலை" என்றேன். எழுதிக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஆலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை போனது பெரிதில்லை தம்பி. வாயாடிக்கு விஷயம் போய்விட்டது. அதுவரை நான் போனால் எனக்காகக் கட்டிலில் நகர்ந்து இடம் விடுவாள். நான்தான் ஊட்டிவிடுவேன், தலை வாரிவிடுவேன். அன்று போனபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "உங்களுக்கே தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமேக்கா. நான் ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சுப் பாத்திருப்பேன்ல" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அவளுடைய வீட்டுக்காரர் இனி வர வேண்டாம் என்று கைகூப்பினார்.

உன் தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடலாமா என்று இரண்டு நாள் தவித்தேன். நான் கொண்டுபோனால் என்ன ஆகும்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் இப்போது தம்பியை வைத்துத் தாள் தயார் செய்திருக்கிறாள் என்பார்கள். நான் சொன்னதை நானே மாற்ற முடியாது. நீ போய்ச் சொன்னால் அது வாக்குமூலம். நான் பொய் சொன்னேன் என்றும் அப்போது தெரியவரும், அதற்கு எனக்கு வருவது வரட்டும்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏப்ரலில் ஒரே நாளில் நீ பதில் போட்டதும், என் தம்பிக்கு எவ்வளவு இரக்கம் என்று பூரித்துப்போய், அதை அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கே படித்துக் காட்டினேன். எந்தக் கை, எத்தனை நேரம் என்று நீ கேட்டது அவளுக்காக இல்லை என்று தெரிந்தபிறகு, அப்படிப் பூரித்ததற்காக என்மேல்தான் அதிகக் கோபம்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். விசாரணை அதிகாரியின் முகவரி உன்னிடம் இருக்கிறது. வழக்கை மறுபடி எடுக்க ஆகஸ்ட் கடைசிவரை நேரம் உண்டு, விசாரித்துவிட்டேன். இதை அவருக்கு அனுப்பிவிட்டு எனக்கு எழுது, எது வேண்டுமானாலும் எழுது, நான் படிக்கிறேன். அனுப்பாமல் எழுதுவதாக இருந்தால் அப்பாவின் உடம்பைப் பற்றி மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

அக்கா

செப்டம்பர் 6

அக்காவுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். காய்ச்சல் இல்லை. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. கடிதமே காணோமே என்று நேற்று உன்னைப் பற்றிக் கேட்டார். ஆலையில் வேலை அதிகம், மற்றபடி சுகமாக இருக்கிறாள் என்று சொன்னேன்.

தம்பி